ஊரை அளந்தவர்கள் யார்?

உத்திரமேரூரைப் பற்றிப் பேசாத மேடை இன்று இல்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் அதையே எடுத்துக் காட்டினார். குடவோலை முறையில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்த ஊர்களை அளந்து கோடு போட்டபோது, கோட்டுக்கு உள்ளே நின்றது யார்? வெளியே நிறுத்தப்பட்டது யார்?

சோழர் காலத்துச் சதுர்வேதிமங்கலங்கள் தானாக முளைத்த ஊர்கள் அல்ல. ராஜா தானம் கொடுத்தான். பெண் யானையை நடத்தி எல்லை சுற்றினார்கள். கல்லும் கள்ளியும் நட்டார்கள். குறுக்கும் நெடுக்கும் ஓடிய வதிகளும் வாய்க்கால்களும் வயலைப் பிரித்தன. அதற்குள் கண்ணாறு, அதற்குள் சதுக்கம். எத்தனையாவது கண்ணாற்றில் எத்தனையாவது சதுக்கம் என்று சொன்னால், இன்னாருடைய வயல் என்று தெரிந்துவிடும்.

ஜெர்மனியிலும் இதுதான் கதை. 12, 13-ம் நூற்றாண்டுகளில் பிரபுக்கள் எல்பே நதிக்குக் கிழக்கே காடழித்துத் திட்டமிட்டு ஊர் அமைத்தார்கள். தெருவோரம் வரிசையாக வீடு. வீட்டின் பின்னே காடு வரை நீண்ட நிலம். குடிகளைத் திரட்டி வந்த ஒப்பந்தக்காரனுக்குக் கூடுதல் பங்கு. மொசெல் நதிப் பக்கத்தில் சில ஊர்களில் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, சில வருஷங்களுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டுப் பிரித்ததை 1882-ல் ‘மார்க்’ என்ற கட்டுரையில் ஏங்கெல்ஸ் விளக்கினார். தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் மிராசுதார்கள் 19-ம் நூற்றாண்டு வரை நடத்திய கரையீடும் அதுதானே! நல்ல வயலும் மோசமான வயலும் எல்லாப் பங்காளிக்கும் மாறி மாறி வரும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு!

ஆனால் சீட்டு யாருக்கு? பங்குள்ளவனுக்கு மட்டும். சேற்றில் இறங்கி நட்டவனுக்கும் அறுத்தவனுக்கும் சீட்டு இல்லை. உத்திரமேரூர்க் குடவோலையில் பெயர் ஏற, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். வேதம் கற்றவனுக்கு அரைக்கால் வேலி போதும். சொந்த மனையில் வீடும் வேண்டும். முதலாம் ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு, கம்மாணச்சேரி வேறு. சுடுகாடுகூட வேறு வேறு! சமத்துவம் உடைமையாளர்களுக்குள்ளேயே நின்றுவிட்டது.

நமது சங்கரன்கோவில் வட்டாரத்தில் காவிரி வாய்க்கால் இல்லை. குளத்துப் பாசனமும் கரிசல் காடும்தான். ஆனாலும் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்ற கோடு இங்கேயும் இருக்கிறது. பிணம் தூக்கிச் செல்லப் பாதை கேட்டு மனுக் கொடுக்கும் ஜனங்களை நாம் பார்க்கிறோம்.

இந்தக் கோடு தெய்வம் போட்டதல்ல. மாற்ற முடியாததும் அல்ல. 1892-ல் தாழ்த்தப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க வெள்ளைக்கார சர்க்காரே உத்தரவிட வேண்டியதாயிற்று. பத்து வருஷம் விற்கக் கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை அவனுக்கே சொந்தம் என்று 1971-ல் சட்டம் வந்தது. ஜெர்மனியில் சோவியத் மண்டலத்தில் 1945-ல், 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளை நஷ்டஈடின்றி எடுத்து, நிலமற்றோருக்கும் ஏழை விவசாயிகளுக்கும் பங்கிட்டார்கள்.

பழம்பெருமை பேசுகிறவர்கள் பேசட்டும். நாம் அடுத்த கிராம சபைக்குப் போவோம். ‘அ’ பதிவேட்டைத் திறந்து வாசிக்கச் சொல்வோம். எந்தப் புல எண் பஞ்சமி நிலம், அது இன்று யார் கையில், எத்தனை குடும்பங்களுக்கு மனைப் பட்டா இல்லை, சுடுகாட்டுப் பாதை வரைபடத்தில் உண்டா என்று கேட்போம். பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வரக் கூடாது.