முனாபாவ் வழியே ஒரு பிறந்த வீடு



ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில், தார்ப் பாலைவனத்துக்குள் முனாபாவ் என்றொரு சிற்றூர். வீடுகள் கொஞ்சம்தான். ஆனால் அங்குள்ள ரயில் நிலையத்தில் பாஸ்போர்ட் சோதனை, சுங்கச் சோதனை எல்லாவற்றுக்கும் வசதி உண்டு. தண்டவாளத்தோடு இன்னும் சிறிது தூரம் போனால் பாகிஸ்தான்.

பிரிவினைக்கு முன்பிருந்தே ஜோத்பூரையும் சிந்து மாகாணத்தையும் இணைத்த தடம் இது. நாடு இரண்டான பிறகும் ரயில் ஓடியது. 1965 போர் அதை நிறுத்தியது. அந்தப் போரில் பக்கத்து கட்ரா ரோடு பகுதியில் ரயில்வே ஊழியர்கள் 17 பேர் குண்டுவீச்சில் உயிரிழந்தார்கள். கட்ரா என்ற ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது, அதன் பெயர் கொண்ட ஸ்டேஷன் இந்தியாவில் இருக்கிறது. எல்லைக்கோடு போட்டவர்கள் செய்த வேலை!

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2006 பிப்ரவரி 18 அன்று தார் எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. வாரம் ஒரு ரயில். ஜோத்பூரில் ஏறி, முனாபாவில் இறங்கி, சோதனை முடித்து, வேறு ரயிலில் எல்லை கடந்து கராச்சி வரை போக முடிந்தது.

யார் போனார்கள்? பெரும்பாலும் அப்பாவைப் பார்க்கப் போன மகள், தங்கை பிரசவத்துக்குப் போன அக்கா, அத்தை மகன் கல்யாணத்துக்குப் போன குடும்பம்.

சிந்துவின் உமர்கோட், அக்பர் பிறந்த ஊர். அந்தப் பக்கத்தில் சோதா ராஜபுத்திரர்கள் வாழ்கிறார்கள். ஒரே குலத்துக்குள் பெண் கொடுத்து எடுக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அங்கே சுற்றியிருக்கும் சொந்தமெல்லாம் பங்காளிகள். ஆகவே மாப்பிள்ளையும் பெண்ணும் தேடப் பெரும்பாலும் ராஜஸ்தானுக்குத்தான் வந்தாக வேண்டும். நம் வீடுகளிலும் பங்காளி வீட்டில் சம்பந்தம் பேச மாட்டோம் அல்லவா? அவர்களுக்குச் சம்பந்தி வீடு வேறு நாட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

2019 ஆகஸ்டில் ரயில் மறுபடி நின்றது. பிறகு பஞ்சாபின் அட்டாரி எல்லை வரை போய்ச் சுற்றிவர வேண்டியதாயிற்று. முனாபாவுக்கு அந்தப் பக்கம் பக்கத்திலேயே இருக்கும் உமர்கோட்டுக்கு இத்தனை சுற்று! 2025 ஏப்ரலில், காஷ்மீரின் பஹல்காமில் நடந்த படுகொலைக்குப் பிறகு அந்த வழியும் மூடியது. அதே வாரம் பார்மரிலிருந்து தாலி கட்டக் கிளம்பிய ஒரு மாப்பிள்ளை, உற்றார் உறவினரோடு அட்டாரியிலிருந்து திரும்பினார். விசா கையில் இருந்தது. வாயில் திறக்கவில்லை.

பஹல்காமில் கணவனை, மகனை இழந்த வீடுகளின் கண்ணீர் இன்னும் காயவில்லை. அதை மறந்துவிட்டு ரயில் விடுங்கள் என்று நான் எழுதவில்லை. நாட்டின் பாதுகாப்பில் சமரசம் கூடாது. யாரை அனுமதிப்பது, எத்தனை நாள், எந்த ஊர் வரை என்று தீர்மானிக்க அரசுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் அப்பா இறந்த செய்தியை போனில் கேட்டு, வீடியோ காலில் பாடையைப் பார்த்து அழும் மகளால் எந்த நாட்டுக்கு என்ன ஆபத்து? அங்கே பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட பெண்கள் பார்மர், ஜோத்பூர் வீடுகளில் நம் மருமகள்களாக இருக்கிறார்கள். அவர்கள் பெறும் பிள்ளைகள் நம் பிள்ளைகள்.

சாவு, கல்யாணம், பெற்றோரின் கடும் நோய் ஆகிய மூன்றுக்கும் மட்டுமாவது, நன்றாக விசாரித்து, குறுகிய கால விசா கொடுக்கலாம். மாதம் ஒருநாள் முனாபாவ் வழியே அவர்களை அனுப்பலாம். பாஸ்போர்ட் பார்க்கும் இடம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. தண்டவாளமும் இருக்கிறது. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டியது தேதியை மட்டும்தான்.

அன்புடன்,
ஆசிரியர்