பிளேஸ்மென்ட் என்றால் வேலை இல்லை

திருச்சியிலிருந்து அண்ணன் மகள் பேசினாள். பி.ஏ. சமூகவியல் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. மெல்பர்னில் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலை, சேர்த்துவிட ஏஜென்ட் ஒருவர் எல்லா ஏற்பாடும் செய்கிறாராம். "ரெண்டே வருஷம் அத்தை. கணக்கு கிடையாது, கோடிங் கிடையாது. ஆயிரம் மணி நேரம் பிளேஸ்மென்ட் அவங்களே தர்றாங்களாம். படிக்கும்போதே சம்பாதிச்சு ஃபீஸைக் கட்டிடலாம். முடிச்சதும் பி.ஆர். கேரண்டியாம்." மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பி.ஆர். என்றால் இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை.

இதே கணக்கை மெல்பர்னில் பிறந்தநாள் விருந்துகளில் கேட்டிருக்கிறேன். ஐ.டி. சலித்துப்போன மாப்பிள்ளையின் மனைவிக்கு, நர்ஸிங்கில் சீட் கிடைக்காத தங்கைக்கு, யாருக்கு எது சரிவரவில்லையோ அவர்களுக்கெல்லாம் சொல்லப்படும் யோசனை இது: "சோஷியல் வொர்க் எடுத்துடு, ஈஸி." பதினோரு வருஷமாக இங்கே ஒரு மருத்துவமனையில் அந்த ஈஸியான வேலையைச் செய்கிறேன். வருஷத்துக்கு ஒரு மாணவரையாவது பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குகிறேன். அதனால் கொஞ்சம் வாய் திறக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் கல்லூரி வாசலில் 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்று பேனர் தொங்கினால் அதற்கு வேலை என்று அர்த்தம். கம்பெனி வரும், ஆஃபர் லெட்டர் வரும், அப்பா தெருவுக்கே லட்டு கொடுப்பார். இங்கே சமூகப் பணி மாணவர்கள் பிளேஸ்மென்ட் என்பது, அங்கே எம்.எஸ்.டபிள்யூ. பிள்ளைகள் 'ஃபீல்டு வொர்க்' என்கிறார்களே, அதைத்தான். சம்பளம் கிடையாது. அது படிப்பின் ஒரு பாடம். அதற்கும் சேர்த்துத்தான் நாம் கட்டணம் கட்டுகிறோம். இதில் ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. அவள் தப்பாகப் புரிந்துகொண்டதைத் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆயிரம் மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் சமூகப் பணிப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது சமூகப் பணியாளர் சங்கம், ஏ.ஏ.எஸ்.டபிள்யூ. என்பார்கள். களப்பயிற்சி குறைந்தது 1000 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. பெரும்பாலும் 500, 500 ஆக இரண்டு இடங்களில் செய்வார்கள். நாளுக்கு ஏழு மணி, வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் ஒவ்வொன்றும் பதினான்கு வாரத்தைத் தாண்டும். இரண்டும் சேர்ந்தால் ஆறரை மாதம். 2025 ஜூலையில் இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆயிற்று. ஆயிரத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 25,000 டாலர். நம் பிள்ளை அந்த ஆறரை மாதத்தில் கூலியில்லாமல் கொடுக்கும் உழைப்பின் மதிப்பு அது. "படிக்கும்போதே சம்பாதிச்சுடலாம்" என்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டு நான் பார்த்ததில்லை.

மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம். படிப்பில் கட்டாயமான பிளேஸ்மென்ட் அந்த 48-இல் சேராது. அப்படியானால் இரண்டையும் சேர்த்துச் செய்யலாமே என்பார்கள். சட்டம் தடுக்காது, உடம்பு தடுக்கும். என்னிடம் வந்த ஒரு பெண் திங்கள் முதல் வெள்ளி வரை மருத்துவமனையில் இருப்பாள், சனி ஞாயிறு முதியோர் இல்லத்தில் நைட் டூட்டி பார்ப்பாள். ஒரு திங்கட்கிழமை, நோயாளியின் குடும்பத்தாரோடு நடந்த கூட்டத்தில் பேனாவைப் பிடித்தபடியே கண் சொருகினாள். வெளியே வந்ததும், "ஸாரிக்கா, நேத்து ரெண்டு பேர் லீவு, நான் ஒருத்தியே பார்த்தேன்" என்றாள். அவளை என்னவென்று திட்டுவது? காபி வாங்கிக் கொடுத்தேன்.

2025 ஜூலையில் அரசாங்கம் இதற்கு ஒரு வழி செய்தது. ஆசிரியர், நர்ஸிங், மகப்பேறு, சமூகப் பணி மாணவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை. அறிவித்தபோது வாரத்துக்கு 319.50 டாலர். வருமானச் சோதனையைத் தாண்டுகிற உள்நாட்டு மாணவர்களுக்கு மட்டும். அதே வார்டில் அதே நோயாளியின் கோப்பை எழுதும் வெளிநாட்டு மாணவருக்கு அதில் ஒரு சென்ட்டும் கிடையாது. விசாக் கட்டணம் மட்டும் 710-லிருந்து 2024 ஜூலையில் 1,600 ஆகி, அடுத்த ஜூலையில் 2,000 ஆயிற்று. கையில் 29,710 டாலர் இருப்பதாகக் கணக்குக் காட்டவும் வேண்டும். "அது சும்மா காட்டத்தான்" என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். நான் சொல்வேன், அது பிளேஸ்மென்ட் காலத்தில் சாப்பிடுவதற்கு. வட்டிக்கு வாங்கிக் காட்டிவிட்டு மறுமாதம் திருப்பிக் கொடுத்தவர்கள் பதினான்கு வாரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

படிப்பு ஈஸி என்பதற்கு வருகிறேன். கணக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் வேறு பல முதுகலைப் படிப்புகளுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 6.5 போதும் என்கிற பல்கலைக்கழகங்களே இதற்கு 7 கேட்கின்றன. காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலில் கருவி என்று கையில் எதுவும் இல்லை, பேச்சும் எழுத்தும்தான். மாணவர் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் நோயாளியின் கோப்பில் நிற்கும். நாளைக்கு அவர் கேட்டால் அதை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும், தீர்ப்பாயத்துக்கும் போகலாம். "நோயாளி பிடிவாதக்காரர், யார் சொல்வதையும் கேட்பதில்லை" என்று ஒரு மாணவர் எழுதினார். அடிக்கச் சொன்னேன். "நர்ஸிங் ஹோமுக்குப் போக விருப்பமில்லை என்று மூன்று முறை சொன்னார், தன் வீட்டில் நாய் இருப்பதாகச் சொன்னார்" என்று எழுத வைத்தேன். முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவருக்காக எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதில் நாயை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியாவது கிடைக்கிறது.

"நம்ம பிள்ளைங்களுக்கு சேவை மனசு இயல்பாவே உண்டு, இது தானா வரும்" என்பது எனக்குப் பிடித்த வாதம். பிடித்தது என்றால், மறுக்கப் பிடித்தது. அந்த மனசுதான் பல நேரம் குறுக்கே நிற்கிறது. அதே நாய்க்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதைத் தாண்டியவர், இரண்டு முறை குளியலறையில் விழுந்தவர். இல்லத்தில் சேர்க்கச் சொல்லி மகளும் மகனும் அழுகிறார்கள். என் மாணவர் கட்டிலோரம் குனிந்து, பிள்ளைகள் உங்கள் நல்லதுக்குத்தானே சொல்கிறார்கள், கேட்கக் கூடாதா என்று கெஞ்சினார். நம் வீட்டில் அது பாசம். இங்கே அவர் செய்தது அத்துமீறல். விக்டோரியாவின் 2019 ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி, முடியாது என்பதற்கு ஆதாரம் இல்லாதவரை ஒரு மனிதருக்குத் தன் முடிவைத் தானே எடுக்கும் திறன் உண்டு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குப் பிடிக்காத முடிவை எடுக்கும் உரிமையும் அதில் அடக்கம். சமூகப் பணியாளர் அவரை வீட்டுக்கு அனுப்புவதில் உள்ள ஆபத்தைக் கணக்கிடுவார், குளியலறையில் பிடிமானக் கம்பி போட ஏற்பாடு செய்வார், மகளின் அழுகையையும் காது கொடுத்துக் கேட்பார். முதியவரின் மனத்தை மாற்றுவது அவர் வேலையில்லை. இதைச் சொன்னபோது அந்த மாணவர், "அப்போ அவர் விழுந்தா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதினோரு வருஷமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தமிழ் தெரிவதே பெரிய பலம் என்கிறார்கள். பலம்தான், எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வார்டில் இருந்தார். மாணவி பக்கத்தில் போய் "சாப்பிட்டீங்களா அம்மா" என்று கேட்டதுமே அந்த முகம் மாறியது. அதுவரை சரி. டிஸ்சார்ஜ் திட்டத்துக்குச் சம்மதம் கேட்கும்போது அவளை மொழிபெயர்க்க விடவில்லை. தொலைபேசியில் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைத்தோம். மருமகளையும் விடவில்லை. அந்த அம்மா சொல்ல வந்தது மருமகளைப் பற்றியதாக இருந்தால் என்ன செய்வது?

இன்னொன்றும் படிக்க வேண்டும். அது எந்த ஏஜென்ட் கையேட்டிலும் இருக்காது. இந்த நாட்டில் பூர்வகுடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனவர்கள், குழந்தைகளின் நலத்துக்காகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் செய்தார்கள். 1997-இல் வந்த விசாரணை அறிக்கை அதைப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஒரு பூர்வகுடித் தாய் 'சோஷியல் வொர்க்கர்' என்று கேட்டதும் குழந்தையை இறுக்கிப் பிடிப்பது ஏன் என்று தெரியாமல் அந்த அறைக்குள் நுழையும் மாணவர், சேவை மனசோடு நுழைந்தாலும் பயனில்லை.

சேவை என்ற சொல்லோடு எனக்கு இருக்கும் வழக்கு இதுதான். சேவை செய்பவர் கொடுக்கிறவர். சமூகப் பணியாளர் சில நேரம் அரசோடு மல்லுக்கு நிற்கிறவர். பிலோயீலா என்ற குவீன்ஸ்லாந்துச் சிற்றூரிலிருந்து 2018 மார்ச்சில் விடியற்காலை குடியேற்ற அதிகாரிகளால் தூக்கிச் செல்லப்பட்ட, தஞ்சம் கேட்டு வந்திருந்த பிரியா – நடேசலிங்கம் குடும்பத்தைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டோம். அவர்களைத் திருப்பிக் கொண்டுவர அந்த ஊர் நான்கு வருஷம் போராடியது. முன்னால் நின்றவர்களில் உள்ளூர்ச் சமூகப் பணியாளர்களும் உண்டு. 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அது தர்மம் செய்த கதையில் சேராது.

பி.ஆர். கேரண்டிக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. சமூகப் பணியாளர் என்ற தொழில் குடியேற்றப் பட்டியலில் இருக்கிறது, உண்மை. பட்டியலில் இருப்பது கதவு இருப்பதைப் போல, திறந்திருப்பதைப் போல இல்லை. சங்கத்தின் திறன் மதிப்பீடு வேண்டும். விண்ணப்பிக்கவே 65 புள்ளி வேண்டும், அழைப்பு வர எத்தனை வேண்டும் என்பது ஒவ்வொரு சுற்றிலும் மாறும். விதியும் மாறும்: படிப்பு முடித்தவர்களுக்கான தற்காலிக விசாவின் வயது வரம்பை 2024 ஜூலையில் 50-லிருந்து 35-க்குக் குறைத்தார்கள். முப்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்து பாதி வழியில் இருந்தவர்களை அன்று யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. எந்த அமைச்சர் கையெழுத்திலும் மாறக்கூடிய ஒன்றுக்குத் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் கேரண்டி தருகிறார் என்றால், அவர் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம். நினைவில் இருக்கட்டும். ஊரில் ஏற்கெனவே எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களிடமும் "அது இங்க செல்லாது, மறுபடி படிங்க" என்று சொல்லப்படுவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. வெளிநாட்டுப் பட்டத்தை நேரடியாக மதிப்பிட்டுப் பார்க்கும் வழி அதே சங்கத்திடம் இருக்கிறது. எல்லோருக்கும் கைகூடும் என்று சொல்லவில்லை. நம்மூரில் எம்.எஸ்.டபிள்யூ. படித்துத் தொழிற்சாலையில் எச்.ஆர். ஆனவர்கள் ஏராளம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நலத்துறை அலுவலர் வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் சொன்னதிலிருந்து அப்படி ஒரு வழி விழுந்துவிட்டது. இங்கே எச்.ஆர். வேறு தொழில். ஆனால் மனநல மருத்துவமனையிலும் குடிசைப் பகுதியிலும் களப்பணி செய்தவர், இன்னும் இரண்டு வருஷக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் மதிப்பீட்டைக் கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? டிப்ளமோ இன் கம்யூனிட்டி சர்வீசஸ் என்ற படிப்பை சோஷியல் வொர்க் என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. அதை முடித்தவர் சங்கத்தின் கணக்கில் சமூகப் பணியாளர் ஆகமாட்டார்.

இவ்வளவும் கேட்டுவிட்டு அண்ணன், "அப்போ வேண்டாம்னு சொல்லு, அவ்வளவுதானே" என்றான். அதுவும் தப்பு. நம் ஆட்களை இங்கே யாரும் நம்பமாட்டார்கள், வேலை தரமாட்டார்கள் என்று அவன் யாரிடமோ கேட்டு வைத்திருந்தான். என் குழுவில் ஒன்பது பேர். நான்கு பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். மூவர் மாணவர் விசாவில் வந்தவர்கள். அந்தத் திங்கட்கிழமை கண் சொருகிய பெண் அவர்களில் ஒருத்தி.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏஜென்ட்டிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். இந்தப் படிப்பு ஏ.ஏ.எஸ்.டபிள்யூ. பட்டியலில் இருக்கிறதா? பிளேஸ்மென்ட்டுக்கு இடம் பிடித்துத் தருவது பல்கலைக்கழகமா, நானா? சம்பளம் இல்லாத அந்த இருபத்தெட்டு வாரமும் நான் எதை வைத்து வாடகை கட்டுவது?

மறுநாள் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். முதல் கேள்விக்கு ஆமாம் என்றாராம். அவளே பட்டியலில் தேடிச் சரிபார்த்துவிட்டாள். இரண்டாவதற்கு, கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். மூன்றாவதற்கு, "அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம் மேடம், வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டிடுங்க" என்றாராம்.