இரண்டு வயதுக் குட்டிக்கு என்ன பரீட்சை?

பாரீசின் லோன்ஷான் மைதானத்தில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆர்க் த திரியோம்ஃப் என்ற உலகப் புகழ்பெற்ற குதிரைப் பந்தயம் நடக்கிறது. அதே நாளில், இரண்டு வயதுக் குதிரைகளுக்கென்று இன்னொரு பந்தயமும் உண்டு. இன்று அதன் பெயர் பிரி ழான்-லுக் லகார்தேர். அந்தப் பெயர் 2003-ல் வந்தது. அதற்கு முன், 1853-ல் தொடங்கிய நாளிலிருந்து, கிரான் கிரித்தேரியோம் என்றுதான் பெயர். இளங்குதிரைகளுக்கான பந்தயங்களில் பிரான்சில் இதற்கு நெடுங்காலமாகத் தனி மரியாதை. அந்த மரியாதைக்கு இது தகுதியில்லாதது, இப்படி ஒரு பந்தயமே இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

குதிரைப் பந்தயத்துக்கும் இந்தக் கிழவனுக்கும் என்ன சம்பந்தம் என்று வழக்கமாகப் படிக்கும் அன்பர்கள் கேட்பீர்கள். நான் ஒரு பைசா கட்டியதில்லை. ஆனால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய நண்பர்கள் இரண்டு மூன்று பேர் எங்கள் கடற்கரைப் பேச்சுத் துணை. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தியெர்சேதான். முதல் மூன்று இடத்தில் எந்தக் குதிரைகள் வரும் என்று ஊகித்துப் பணம் கட்டும் ஆட்டம் அது, 1954-ல் பிரான்சில் தொடங்கியது. அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு, பள்ளியில் படித்த பிரெஞ்சும் கைகொடுக்க, பல வருடமாக இந்தச் செய்திகளை விடாமல் வாசித்து வருகிறேன். அவர்களில் ஒருவர் போன வாரம் கேட்டார்: "கிரித்தேரியோம் மாதிரி ஒரு பந்தயம் இல்லேன்னா, குதிரை நல்ல சாதியா இல்லையான்னு எப்படிய்யா தெரியும்?" அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். கிரித்தேரியோம் என்றால் உரைகல், அளவுகோல் என்று பொருள். பொன்னை உரசிப் பார்ப்பது போல இளங்குதிரையை உரசிப் பார்க்கும் இடம். 1833-ல் பாரீசில் பிரபுக்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். 'பிரான்சில் குதிரை இனங்களை மேம்படுத்துவதற்கான ஊக்குவிப்புச் சங்கம்' என்பது அதன் பெயரின் பொருள். பந்தயம் வெறும் வேடிக்கைக்கோ சூதாட்டத்துக்கோ அல்ல, அடுத்த தலைமுறைக்கு நல்ல வித்தைப் பொறுக்கி எடுப்பதற்கே என்பது அவர்கள் சித்தாந்தம். லோன்ஷான் மைதானம் திறந்தது 1857-ல். அதற்கும் நாலு வருடம் முன்பே இந்த உரைகல் வந்துவிட்டது.

இன்றைக்கும் இந்தப் பந்தயத்தில் காயடித்த குதிரைகளுக்கு அனுமதி கிடையாது. ஓட்டத்தை மட்டும் அளப்பது நோக்கமென்றால் அவற்றை ஏன் தடுக்க வேண்டும்? ஆகவே இது ஓட்டப் பரீட்சை அல்ல, பொலிகுதிரைத் தேர்வு. சரி, அவர்கள் வைத்த நோக்கத்தையே ஒப்புக்கொள்வோம். இந்த உரைகல் சரியாக உரசுகிறதா என்று மட்டும் பார்ப்போம்.

1964-ல் கிரான் கிரித்தேரியோமை வென்ற குதிரை கிரே டான். இரண்டாவதாக வந்தது அதே பயிற்சியாளர் எத்தியேன் பொல்லேயின் இன்னொரு குதிரை. அதன் பெயர் சீ-பேர்ட். மறு வருடம் அது இங்கிலாந்தில் எப்சம் டெர்பியை வென்றது, லோன்ஷானில் ஆர்க்கையும் வென்றது. இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த பந்தயக் குதிரைகளில் ஒன்று என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். எட்டுப் பந்தயம் ஓடி ஏழில் வென்றது, தோற்றது ஒன்றே ஒன்றில்தான். அந்த ஒன்று எது? இந்த உரைகல்தான். சொக்கத் தங்கத்தை உரசிப் பார்த்து 'இரண்டாம் தரம்' என்று சீட்டு எழுதிக் கொடுத்த ஆசாரியிடம் மறுபடி யாராவது நகையை எடுத்துக்கொண்டு போவார்களா?

1991-ல் வென்றது அராஸி. பிரான்சுவா பூத்தேன் பயிற்சி கொடுத்த குதிரை. அந்த ஒரு வருடத்தில், இரண்டு வயதில், எட்டு முறை ஓடியது. ஏழு முறை வென்றது. கிரான் கிரித்தேரியோமோடு விட்டார்களா? இல்லை. ஒரு மாதத்துக்குள் விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், நவம்பர் 2 அன்று சர்ச்சில் டவுன்ஸில் ஓடவிட்டார்கள். அதுவரை புல்தரையில் ஓடிய குட்டியை மண்தரையில் ஓடவிட்டார்கள். அங்கேயும் ஐந்து குதிரை நீளத்தில் வென்றது. உலகமே வாயைப் பிளந்தது. அந்த நவம்பரிலேயே அதன் முன்னங்கால் முட்டிகள் இரண்டிலும் அறுவை சிகிச்சை நடந்தது. மறு வருடம் மே மாதம் கென்டக்கி டெர்பியில் எல்லோரும் அதன் மேல்தான் பணம் கட்டினார்கள். எட்டாவதாக வந்தது. பிறகு லோன்ஷானில் ஒரு வெற்றி கிடைத்தது என்றாலும் பழைய அராஸி திரும்பி வரவேயில்லை. எட்டு ஓட்டமும் அந்த முட்டிகளும் சம்பந்தமே இல்லாதவை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். குதிரைக்கு முட்டிக்கு மேலே இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடவே ஏறக்குறைய இரண்டரை வயது ஆகிறது. முதுகெலும்பு முற்ற இன்னும் சில வருடம் வேண்டும்.

அடுத்து வயதுக் கணக்கு. வாழ்நாள் முழுக்கப் பணிப்பதிவேட்டோடு காலம் தள்ளியவன் என்பதால் இது எனக்கு உடனே கண்ணில் படுகிறது. பந்தயக் குதிரைகளுக்கு, எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும், ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும். நம் ஊரில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு விடுவாரே, அதே கதை. எத்தா சிவில் பதிவேட்டில் மனிதன் பிறந்த மணியைக்கூட எழுதி வைக்கும் பிரெஞ்சுக்காரன், குதிரை விஷயத்தில் மட்டும் ஒரே தேதியால் எல்லாவற்றையும் அடித்துவிட்டான்.

இதில் என்ன நஷ்டம்? மே மாத நடுவில் பிறந்த குட்டி, அக்டோபர் முதல் ஞாயிறன்று இருபத்தெட்டு மாதம் கடந்திருக்கும். ஜனவரி நடுவில் பிறந்தது முப்பத்திரண்டு மாதம் கடந்திருக்கும். வித்தியாசம் நாலு மாதம். அந்த மே மாதக் குட்டியின் மொத்த வாழ்நாளில் இது ஏழில் ஒரு பங்கு. ஐந்து வயதுக் குதிரைக்கு நாலு மாதம் பெரிய விஷயமில்லை. இரண்டு வயதில் அதுவே எல்லாம். இதற்கு வளர்ப்பாளர்கள் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? குதிரை கருத்தரிப்பது பகல் நீளும் வசந்த காலத்தில். கர்ப்பம் பதினோரு மாதம். ஆகையால் குளிர்காலத்திலேயே லாயத்தில் விளக்கு எரியவிட்டு, பகல் நீண்டுவிட்டது என்று பெண் குதிரையை ஏமாற்றி, பருவத்தை முன்னுக்கு இழுக்கிறார்கள். இயற்கையின் நாட்காட்டியையே பந்தய நாட்காட்டிக்காகத் திருத்துகிறார்கள்.

அளவுகோல் என்றால் அதன் நீளமாவது மாறாமல் இருக்க வேண்டும் அல்லவா? நெடுங்காலம் இந்தப் பந்தயம் 1,600 மீட்டராக இருந்தது. 2001-ல் இளங்குதிரைப் பந்தயங்களை மாற்றி அமைத்தபோது சலமாந்தர் என்ற பழைய பந்தயத்தை ஒழித்துவிட்டு, கிரான் கிரித்தேரியோமை 1,400 மீட்டராக வெட்டினார்கள். 2015-ல் மறுபடி 1,600. சில வருடம் கழித்து மறுபடி 1,400. துணிக்கடையில் முழக்கோலை இப்படி வெட்டி ஒட்டினால் எடை அளவை இன்ஸ்பெக்டர் கடைக்கே சீல் வைத்துவிடுவார்.

எனக்கு மிகவும் வலித்த கதை 2006-ல் வென்ற ஹோலி ரோமன் எம்பரரின் கதை. அடுத்த வருடம் பெரிய பந்தயங்களில் ஓடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அது ஓடவே இல்லை. காரணம் நோய் அல்ல, காயம் அல்ல. அதே நிறுவனத்தின் இன்னொரு குதிரை ஜார்ஜ் வாஷிங்டன், ஓய்வு பெற்றுப் பொலிகுதிரையாகப் போன இடத்தில் அதற்குக் கருத்தரிக்க வைக்கும் சக்தி மிகக் குறைவு என்று தெரிந்தது. காலியான இடத்தை நிரப்ப, 2007 தொடக்கத்தில், மூன்று வயதில் ஒரு பந்தயம்கூட ஓடாத ஹோலி ரோமன் எம்பரரை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஜார்ஜ் வாஷிங்டனை மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2007 அக்டோபரில் அமெரிக்காவின் மான்மத் பார்க்கில், பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்தில், கால் முறிந்து அங்கேயே அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. அலுவலகத்தில் காலிப் பணியிடத்துக்கு ஆளை மாற்றிப் போடுவதைப் போல இரண்டு உயிர்களை இடம் மாற்றினார்கள். ஒன்றின் ஓட்டம் போயிற்று, மற்றொன்றின் உயிரே போயிற்று. இரண்டு வயதில் ஒரு பெரிய பந்தயம் வென்றாலே போதும், அதற்குமேல் அந்தக் குதிரை எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்ற சந்தை இருப்பதால்தானே இது நடந்தது?

2003-ல் பெயரை மாற்றியதையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். ழான்-லுக் லகார்தேர் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. மாத்ரா, அஷேத் போன்ற நிறுவனங்களை நடத்திய பெரிய தொழிலதிபர். 1995 முதல் 2003 மார்ச்சில் இறக்கும் வரை பிரான்ஸ் கலோ அமைப்பின் தலைவர். அவருடைய சகாமிக்ஸ் 1998-ல் ஆர்க்கை வென்றது. அஷேத் வெளியிட்ட புத்தகங்களில் பிரெஞ்சு படித்த தலைமுறை நாங்கள். ஆனால் 'பெரிய உரைகல்' என்ற பெயர் ஒரு நோக்கத்தைச் சொன்னது. அந்த நோக்கத்தில் தவறினால் கேள்வி கேட்க இடம் இருந்தது. ஒரு முதலாளியின் பெயரை வைத்த பிறகு யார் எதைக் கேட்பது?

எதிர்க்கட்சி வாதங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று: 2009-ல் வென்ற சியூனியின் மகன் சோத்சாஸ் 2020-ல் ஆர்க்கை வென்றதே, உரைகல் பலித்ததே என்பார்கள். பலித்தது. ஆனால் பிரிட்டன், அயர்லாந்தில் பன்னிரண்டு முறை முதன்மைப் பொலிகுதிரையாக வந்த கலிலியோ, இரண்டு வயதில் ஓடியது அக்டோபர் கடைசியில் ஒரே ஒரு சாதாரணப் பந்தயம். காத்திருந்தவர்களுக்கு என்ன குறைந்து போயிற்று?

இரண்டு: இளமையில் ஓடிய குதிரைகள்தான் பிற்பாடு அதிக நாள் ஓடுகின்றன, பாரம் ஏறினால்தான் எலும்பு உறுதிப்படும் என்று ஆய்வுகளைக் காட்டுவார்கள். அளவான பயிற்சி எலும்புக்கு நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வயதில் ஓடாதவை யார்? நோஞ்சான்கள், நோய்ப்பட்டவை, பயிற்சியிலேயே அடிபட்டவை எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. ஆரோக்கியமான பிள்ளைகளை ஒரு பக்கமும் சீக்காளிகளை மறுபக்கமும் நிறுத்திவிட்டு, சீக்கிரம் ஓடியதால்தான் இவர்கள் ஆரோக்கியம் என்றால் எப்படி? தவிர, காலையில் புல்வெளியில் மிதமாக ஓடுவது வேறு, பெருங்கூட்டத்துக்கு நடுவே சாட்டையின் கீழ் முழு வேகத்தில் ஓடுவது வேறு.

மூன்று: மூன்று வயது வரை தீனி போட்டுக் காத்திருக்க யாரிடம் பணம் இருக்கிறது? இதுதான் உண்மையான வாதம். மற்றதெல்லாம் இதற்குப் போட்ட சட்டை. இதை மட்டும் வெளிப்படையாகச் சொன்னால் நான் பாதி சண்டையை நிறுத்திக்கொள்வேன்.

இன்றைய பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தந்தை வழி, இங்கிலாந்தில் 1764-ல் பிறந்த எக்லிப்ஸ் என்ற குதிரையில் போய் முடிகிறது. அது முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கியது 1769-ல், ஐந்து வயதில். ஒரு முறைகூடத் தோற்கவில்லை. இந்த இனத்தின் மூலபுருஷனுக்குக் கொடுத்த அவகாசத்தை அதன் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாதா?

நான் கேட்பது அதிகமில்லை. பெரிய பரிசுப் பந்தயங்கள் எல்லாம் மூன்று வயதுக்கு மேல் இருக்கட்டும். வயதை ஜனவரி 1 கணக்கில் பார்க்காமல் பிறந்த தேதிப்படி பார்க்கட்டும். பரிசுப் பணத்தைக் கூடுதல் வருடங்கள் ஓடும் குதிரைகள் பக்கம் திருப்பட்டும், தீனிச் செலவு என்ற சாக்கு தானாகப் போய்விடும்.

நண்பர் கேட்டதற்கு என் பதில்: குதிரை நல்ல சாதியா என்று தெரிய வேண்டுமென்றால், ஒரு வருடம் பொறுங்கள். அது குதிரை ஆகட்டும்.