தொழில்: விவசாயம்

1993-இல் ரேஷன் கார்டு புதுப்பிக்க ஒரு விண்ணப்பத் தாள் வந்தது. கன்னடத்தில் அச்சடித்தது. வீட்டில் கன்னடம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்கு நேரே 'சுரங்கத் தொழிலாளி' என்று எழுதினேன். அடுத்த வரியில் ஆயா. அவருடைய தொழில் கட்டத்தில் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயா கேட்டார். "எனக்கு இன்னா எழுதின?"

சொன்னேன்.

"நான் இன்னா, சும்மாவா குந்திக்கினு இருந்தேன்? விவசாயம்னு எழுது."

சிரித்துவிட்டேன். ஆண்டர்சன்பேட்டையில் யாருக்கு வயல் இருக்கிறது? கோலார் தங்கவயல் என்ற பெயரில்தான் வயல். மற்றதெல்லாம் சுரங்கக் கோபுரங்கள், தொழிலாளர் லைன்கள், தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய தூளைக் குவித்த சயனைடு மேடுகள். "நிலம் இல்லாம விவசாயியா ஆயா?" என்றேன். அவர் பதில் பேசாமல் கீரைக்குத் திரும்பிவிட்டார். கட்டத்தில் 'இல்லை' அப்படியே இருந்தது.

ஆயா பிறந்தது வட ஆற்காட்டில், சேத்துப்பட்டுக்குப் பக்கத்தில். மானாவாரி பூமி. வேர்க்கடலை, கேழ்வரகு, சாமை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தையொட்டி அந்த வட்டாரத்தில் ஏராளமானோர் கத்தோலிக்கரானார்கள். சேத்துப்பட்டில் இருந்த பிரெஞ்சுக் குரு தர்ராஸ் அடிகளாரின் பெயர் அங்கே இன்றும் நிலைத்திருக்கிறது. ஆயாவின் தாத்தா அந்தப் பஞ்சத்தில் தப்பிய பிள்ளை. பசி தெரிந்த குடும்பம் என்பதால் ஒரு மணி தானியம் கீழே சிந்தினாலும் ஆயா குனிந்து பொறுக்குவார்.

1946-இல் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. போளூரில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி, காட்பாடியில் அகலப் பாதைக்கு மாறி, பங்காருபேட்டையில் இறங்கி, அங்கிருந்து மாரிக்குப்பம் வண்டியைப் பிடித்து வந்தாராம். தகரப் பெட்டியில் இரண்டு புடவை, ஒரு செபமாலை. மடியில் ஒரு துணி முடிச்சு. அதில் அவரை, பூசணி, முளைக்கீரை விதைகள்.

1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்துவிட்ட ஊர் இது. கிளப்புகளும் பங்களாக்களுமாக வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்றார்கள். ஆயாவுக்குக் கிடைத்தது ஆண்டர்சன்பேட்டையில் ஒரே அறை வீடு. பின்னால் நாலு முழம் கல்லாந்தரை. அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை, இலைக் குப்பை என்று கொட்டிக் கொட்டி, அந்தக் கல்லின்மேல் அவரே மண்ணை உண்டாக்கினார். பாத்திரம் கழுவிய தண்ணீர் அவரைக் கொடிக்குப் போகும். தங்கவயலுக்குக் குடிநீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. அது பாலாற்றுத் தண்ணீர். "நம்ம ஊர்ப் பக்கம் போவ வேண்டிய தண்ணி. வீணாக்காதே" என்பார்.

அவரிடம் ஒரே பஞ்சாங்கம்தான் இருந்தது. அதில் விவசாயமும் வேதமும் கலந்திருக்கும். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்குள் ஆடிப்பட்டத்து விதைப்பு முடிய வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளையொட்டிக் கடலைக்காய் பிடுங்கல். அந்த வாரம் அண்ணன் காட்டுக்குக் கூலியாளாகப் போய், கூலிக்கு மூட்டைக் கடலையோடு திரும்புவார். வீட்டில் முதலில் காய்த்த பூசணி மாதா கோயிலுக்கு. இரண்டாவது பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாவுக்கு. மூன்றாவதுதான் எங்கள் குழம்புக்கு.

ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் குலுங்கும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. அந்தச் சத்தம் கேட்டால் நடு ராத்திரியானாலும் ஆயா எழுந்து விளக்கேற்றிச் செபமாலையைத் தொடங்கிவிடுவார். தாத்தா ஷிப்ட் முடிந்து தெருமுனையில் தெரிகிறவரை நிறுத்த மாட்டார். கடைசியில் தாத்தாவைக் கொண்டுபோனது வெடிப்பு அல்ல. வருஷக்கணக்காக மூச்சோடு உள்ளே போன பாறைத் தூசு. 1971-இல் நுரையீரல் கல்லாகி இறந்தார். அன்றைக்கும் சாயந்தரம் ஆடுகளுக்குத் தழை வைத்துவிட்டுத்தான் ஆயா உட்கார்ந்து அழுதார் என்று அம்மா சொல்வார்.

2001 பிப்ரவரி 28. சுரங்கம் மூடப்பட்டது. சங்கு ஊதுவதை வைத்தே சமைத்துத் தூங்கி எழுந்த ஊர், ஒரு காலையில் நேரம் தெரியாமல் நின்றது. பலர் பெங்களூர் ரயிலில் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய அப்பாவும் விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பத்தில் வண்டி பிடித்தார். அந்த ஜூனில் தங்கைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வீட்டில் பணமில்லை. ஆயா இரண்டு கிடாவை விற்றுக் காசை முந்தானையிலிருந்து அவிழ்த்து வைத்தார். அந்த வருஷம் எங்கள் சட்டியில் பாதி நாள் கொதித்தது, பின்கட்டுக் கீரையும் அவரையும் முருங்கையும்தான். ஒருவரும் அதை வருமானம் என்று சொல்லவில்லை.

நூற்றிருபது ஆண்டுகளில் இந்தப் பூமியிலிருந்து ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்ததாகச் சொல்கிறார்கள். கிராம் கணக்கில் எழுதி வைத்தார்கள். இறங்கிய ஆண்களுக்கும் நம்பர் இருந்தது. அவர்களைச் சாப்பிட வைத்து அனுப்பிய பெண்களுக்கு எந்த நம்பரும் இல்லை. வறண்ட காட்டிலிருந்து வந்த அந்தப் பெண்கள் கல்லின்மேல் மண் போட்டு வளர்த்தது எத்தனை மூட்டை என்று எந்தப் பேரேட்டிலும் கிடையாது. ஆயாவின் பெயர் இருப்பது கோயில் பதிவேடுகளில்தான். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம்.

2006-இல் ஆயா இறந்தார். மடியில் கொண்டுவந்த அந்த முடிச்சு அரிசிப் பானைக்குள் இருந்தது. புது விதை, அந்த வருஷத்து அவரை. அறுபது வருஷமாக ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்திருக்கிறார். ரேஷன் கார்டை நான் புதுப்பித்த லட்சணத்தை அப்போது நினைத்துக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அவர் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் இன்னும் சொல்லவில்லை. பழைய கார்டில் இனி எதையும் மாற்ற முடியாது. இங்கேயாவது திருத்திக்கொள்கிறேன்.

தொழில்: விவசாயம்.