விளையாட்டு வினையாகுமா? – ஆரம்பக் கணித மீட்டல் குறித்து ஒரு மறுப்புரை

‘விளையாட்டு வினையாகும்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பரீட்சை நெருங்கும் வேளையில் நம் ஆரம்பப் பாடசாலைகள் இதனை வேதவாக்காகக் கொண்டுவிடுகின்றன. தவணை முழுவதும் ஆடியும் பாடியும் எண்களைக் கற்பித்த ஆசிரியரே, பரீட்சைக்கு இரு வாரங்கள் இருக்கையில் விளையாட்டு அட்டைகளை அலுமாரியிற் பூட்டிவிட்டுக் கடந்தகால வினாத்தாள்களைக் கையிலெடுக்கிறார். பெற்றோர் மகிழ்கின்றனர், அதிபர் நிம்மதியடைகிறார், பிள்ளை வாய்மூடி எழுதத் தொடங்குகிறது. பரீட்சைக்கு முந்திய மீட்டற் காலமே அணி விளையாட்டுக்கு மிகவும் உரிய காலம் என்பதும், அதனை விலக்குவோர் கணிதத்திற் பின்தங்கிய பிள்ளைக்கே தீங்கிழைக்கின்றனர் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

எதிர்ப்பாளரின் கூற்றை முதலில் நோக்குவோம். பரீட்சை மண்டபத்திற் பிள்ளை தனித்தே எழுதுகிறது. ஆதலால் தனித்திருந்து பல கணக்குகளைச் செய்தலே தக்க ஆயத்தம் என்பர். இக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. பயிற்சி வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் எதைப் பயில்வது? 503இலிருந்து 278ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 375 என விடையெழுதுகிறது என்க. இது கவனக்குறைவன்று. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்க வேண்டுமெனத் தானே ஒரு விதியைப் படைத்து, அதனைப் பிசகின்றிப் பின்பற்றியிருக்கிறது. கடன்பெற வேண்டிய இருபது கணக்குகளை இப்பிள்ளைக்குக் கொடுத்தால் இருபது முறையும் அத்தவறையே பயிலும். நாற்பது கொப்பிகளைத் திருத்தும் ஆசிரியர் சிவப்பு மையாற் பிழையெனக் கீறுவார். பிழையின் வேர் எதுவென அக்கீறல் கூறாது. அணியில் அருகிருக்கும் தோழனோ, ‘மூன்றிலிருந்து எட்டை எப்படிக் கழித்தாய்?’ என்று அக்கணமே கேட்பான். ஏனெனில் அந்த விடையில் அவனுடைய புள்ளியும் தங்கியிருக்கிறது.

மீண்டும் மீண்டும் பார்த்துப் படித்தலே நினைவை உறுதிப்படுத்தும் என்ற நம்பிக்கையும் ஆராயத்தக்கது. அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓர் உரைப்பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடங்களின் பின் கூடுதலாக நினைவுகூர்ந்தனர்; ஒரு வாரத்தின் பின்னரோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தி நின்றனர். ஆய்வுக்குட்பட்டவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள், பாடமும் கணிதமன்று. எனினும் கரும்பலகையில் ஆசிரியர் செய்துகாட்டும் கணக்கைப் பார்த்தெழுதி, ‘விளங்கிவிட்டது’ எனத் தலையசைக்கும் வகுப்புக்கு இதனில் ஓர் எச்சரிக்கை உண்டு. விளையாட்டின் ஒவ்வொரு சுற்றும், அச்சம் நீங்கிய ஒரு சிறு பரீட்சையே.

ஆயினும் விளையாட்டை ஆதரிப்போரையும் விட்டுவைப்பதற்கில்லை. நம் வகுப்புகளில் அணி விளையாட்டு எனப் பெரும்பாலும் நடைபெறுவது யாது? வகுப்பு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஆசிரியர் வினாவைத் தொடுக்கிறார். முதலிற் கையுயர்த்தியவர்க்குப் புள்ளி கிடைக்கிறது. இக்கட்டுரையாளன் ஐந்தாந் தரத்திற் பயின்றபோது இத்தகைய போட்டியொன்றில் வென்ற அணியில் இருந்தவன். எம் அணியில் மூவரே எல்லா வினாக்களுக்கும் விடை கூறினர்; ஏனையோர் கைதட்டினோம். மறுநாட் பரீட்சைத்தாளில் 1/2ஐயும் 1/4ஐயும் கூட்ட வேண்டியிருந்தபோது, 2/6 என்று எழுதிவிட்டு வந்தேன். முதல்நாள் வெற்றி என் பேனாவுக்கு வந்து சேரவில்லை. விரைந்து கையுயர்த்துவோர்க்கே பரிசளிக்கும் விளையாட்டு, விளையாட்டின் வேடமணிந்த வெட்டுப்புள்ளியன்றி வேறன்று.

நம் கிளித்தட்டு இதனிலும் அறிவுடையது. காக்கும் அணியில் விரைந்தோடும் ஒருவன் இருந்தாற் போதாது. கோட்டுக்கு ஒருவர் நிற்க வேண்டும். ஒரு கோடு தளர்ந்தால் எதிரணி அவ்வழியே புகுந்துவிடும். ஆதலால் தளர்ந்தவனைப் பழக்குவது வல்லவனின் தன்னலமாகவே ஆகிவிடுகிறது.

இவ்வுண்மையின்மீது அமைந்த முறையொன்று உண்டு. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிவிரிஸ், எட்வர்ட்ஸ் என்போர் 1970களின் தொடக்கத்தில் ஏழாந் தரக் கணித வகுப்புகளிலே இதனைப் பரிசோதித்தனர். வல்லவரும் மெலிந்தவரும் கலந்த அணிகள் முதலிற் கூடிப் பயில்கின்றன. பின்னர் அணியினர் பிரிந்து, பிற அணிகளில் தத்தமக்கு நிகரானவர்களோடு ஒரே மேசையிற் போட்டியிடுகின்றனர். ஈட்டிய புள்ளிகள் அணிக்குச் சேர்கின்றன. மெலிந்த பிள்ளை தன் நிகரானவனை வென்று கொணரும் புள்ளிக்கும், வல்ல பிள்ளையின் புள்ளிக்கும் மதிப்பு ஒன்றே.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. முப்பத்தாறு பிள்ளைகளுள்ள வகுப்பில் நால்வர் கொண்ட ஒன்பது அணிகள்; பழைய நாட்காட்டித் தாளில் வெட்டிய வினாத்துண்டுகள்; புள்ளிகளுக்குப் புளியங்கொட்டை. ஒவ்வொருவரும் தாளிற் செய்துகாட்டிய பின்னரே விடை கூறவேண்டும். விரைவுக்குப் புள்ளி இல்லை. பிறர் விடையை மறுப்பவன் காரணம் காட்ட வேண்டும். இறுதியிற் பத்து நிமிடம் அனைவரும் தனித்தெழுதுதல். ஒரு பாடவேளை கழியும், இரைச்சலும் எழும். ஆனால் ஒரு கணக்கும் செய்யாது வீடு திரும்பும் பிள்ளை அன்று இராது.

எனினும் தடையின் வேர் வகுப்பறைக்கு வெளியிலும் கிடக்கிறது. 1999ஆம் ஆண்டு நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என மூன்றையும் கற்பித்தல் வழிகளாக ஏற்றது. ஆயினும் ஐந்தாந் தரத்தில் எழுத்துவேலைக்கே முதன்மை தந்தது. அந்தத் தரத்திலேயே புலமைப்பரிசிற் பரீட்சையும் காத்திருக்கிறது. 1940களிற் கன்னங்கரா வழிவகுத்த இலவசக் கல்வியோடு, வறிய கிராமத்துப் பிள்ளையை மத்திய மகா வித்தியாலயத்துக்கு ஏற்றிச் செல்லவந்த ஏணி அது. இன்று ரியூட்டரிக்குப் பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு அவ்வேணியின் படிகள் எளிதாகின்றன. மற்றப் பிள்ளைக்கு மீட்டலென்பது வகுப்பறையில் நிகழ்வது மட்டுமே. அவ்வகுப்பறையிலும் அது பேசாதிருந்து எழுதி, பிழையெனக் கீறப்பட்டு, பிழை எதுவென அறியாது வீடு செல்லுமாயின், இலவசக் கல்வி அதற்கு இலவசமாகத் தந்தது தோல்வி ஒன்றையே.

நம்முட் பலர் நாளை ஆசிரியராகச் செல்லவிருக்கிறோம். பரீட்சை வாரத்தில் அலுமாரியைப் பூட்டுமாறு அதிபர் கூறுவார், பெற்றோரும் கூறுவர். அன்று திறப்பு நம் கையில் இருக்கும். 375 என எழுதிவிட்டுச் சரியென நம்பியிருக்கும் அந்தப் பிள்ளையை நினைத்து, அலுமாரியைத் திறந்தே வைப்போமாக. விளையாடியதால் வந்த வினையை நாம் கண்டதில்லை. விளையாடவிடாததால் வந்த வினையை விடைத்தாள்தோறும் காண்கிறோம்.