கரிப்புகையும் கதிரொளியும்



நம் திருவண்ணாமலை மாவட்டத்து மாணவி ஒருவரைப் பற்றி இத்திங்கள் சிந்திப்போம். தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்து தணிந்த கரியைக் கொட்டும் காட்சியை, பன்னிரண்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது கண்டார் வினிஷா உமாசங்கர். அது அவர் உள்ளத்தை உறுத்தியது. கூரையில் சூரிய மின்தகடு பொருத்திய இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். ஐந்து மணி நேர நல்வெயில், பெட்டியை ஆறு மணி நேரம் இயக்கும். 2020-இல் சுவீடனின் சிறுவர் பருவநிலைப் பரிசு அவரைத் தேடி வந்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் உரையாற்றினார்.

அவர் தம் தெருவில் எரிந்த எரிபொருள் எது என்று முதலில் கண்டார்; அதற்கேற்ற கருவியைப் பிறகே நாடினார். நம் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம் இதுவே.

2001 முதல் தேசியப் பசுமைப் படையின் பெயரால் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் தோன்றின. மரக்கன்று நடுவதும் பதாகை ஏந்தி ஊர்வலம் செல்வதும் நற்பணிகளே. ஆனால் சந்தவாசல், ஆரணிப் பகுதி மாணவர்கள் அத்துடன் நிற்கலாமா?

கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் வரை மின்சாரம் இலவசம் என 2023-இல் தமிழக அரசு உயர்த்தியது. எனவே தறிவீட்டின் பெருஞ்சுமை விளக்கில் இல்லை. சாயப்பட்டறையின் அடுப்பில் இருக்கிறது. பட்டு நூலின் பசையை நீக்கவும் சாயமேற்றவும் நீர் கொதிநிலையை நெருங்க வேண்டும். அங்கே விறகும் செலவாகிறது. புகையைச் சுவாசிக்கும் நெஞ்சும் தேய்கிறது.

சூரிய நீர்ச்சூடேற்றி 60 பாகை வரை நீரைச் சுடவைக்கும். 30 பாகை நீரை 95 பாகைக்குக் கொண்டுசெல்லும் உழைப்பில் ஏறக்குறையப் பாதியை வெயிலே முடித்துவிடும். மீதிக்கே விறகு வேண்டும்.

பெற்றோரே! உங்கள் பிள்ளைகளின் மன்றம் ஒரு பட்டறைக்குச் செல்லட்டும். நாளொன்றுக்கு எத்தனை கிலோ விறகு, எத்தனை குடம் நீர், எவ்வளவு செலவு என்று ஒரு மாதம் குறித்து வரட்டும். சூடேற்றியின் விலை எத்தனை மாதங்களில் மீளும் என்று பட்டறைக்காரரிடமே அமர்ந்து கணக்கிடட்டும். கணக்கு ஒத்துவராவிடில் அதையும் நேர்மையோடு சொல்லட்டும். உழைப்பவரின் வருவாயைக் குறைக்கும் பசுமை நெடுநாள் நிலைக்காது.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத மண் நம்முடையது. அதனை அளந்து பார்க்கும் பிள்ளைகளை வளர்ப்பது நம் கடமையன்றோ?