நன்மை அவளுக்கு, பங்கு யாருக்கு?

தாயின் காலடியில் சுவனம் என்பது நம் மேடைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. மீலாது விழாக்களில் அதைச் சொல்லாத சொற்பொழிவாளர் இல்லை. கேட்டுக் கண் கலங்காத மகனும் இல்லை. ஆனால், பக்கவாதத்தில் விழுந்து ஆண்டுக்கணக்காய்க் கட்டிலோடு கிடக்கும் அந்தத் தாயின் காலை நாள்தோறும் மடக்கி நீட்டிவிடுபவர் யார்? பெரும்பாலும் அந்த மகன் அல்லன். அவன் துபாயிலோ சென்னையிலோ இருக்கிறான். உள்ளூரிலேயே இருந்தாலும் கடையில் இருக்கிறான். அந்தக் கால்கள் மருமகளின் கையில் இருக்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரை போன்று பெண்ணுக்கு வீடு கொடுக்கும் ஊர்களிலோ மகளின் கையில்.

அவளுடைய நாள் எப்படிப் போகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் படுக்கைப் புண் வரும். கஞ்சியைப் புரையேறாமல் ஊட்ட வேண்டும். சிறுநீர்ப் பையை மாற்ற வேண்டும். மறதி நோய் கண்ட வாப்பாவாக இருந்தால், நடுநிசியில் கதவைத் திறந்து தெருவில் இறங்கிவிடாமல் விழித்திருக்கவும் வேண்டும். இடுப்பு வலி அவளுக்கு நிரந்தரம். கல்யாண வீட்டுக்குப் போக முடியாது. ரமலானில் தராவீஹுக்கு நிம்மதியாக நிற்கவும் முடியாது. உறவினர் வருகிறார்கள், ஆப்பிள் பழங்களை வைக்கிறார்கள், “உனக்குப் பெரிய நன்மை காத்திருக்கிறதம்மா” என்று சொல்லிப் போகிறார்கள். கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவளைத் தூங்கவிட அவர்களில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

நன்மையைப் பற்றி நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், கி.பி. 624இல், பத்ருக் களத்துக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது நடந்ததை நாம் ஏன் மறந்தோம்? உஸ்மான் (ரலி) அவர்கள் அப்போரில் கலந்துகொள்ளவில்லை. அவர்களின் மனைவியும் அண்ணலாரின் அருமை மகளுமான ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். அருகிருந்து பேணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே உஸ்மானை மதீனாவில் நிறுத்தினார்கள். பத்ரில் பங்கேற்ற வீரருக்குரிய நன்மையோடு, போரில் கிடைத்த பொருளில் ஒரு வீரருக்குரிய பங்கும் அவர்களுக்கு வழங்கப்பட்டது. பேணியவர் ஓர் ஆண் என்பதைக் கவனியுங்கள். அவருக்கு நன்மையும் கிடைத்தது, பங்கும் கிடைத்தது. நாமோ நன்மையை மட்டும் அவள் பெயரில் எழுதிவிட்டுப் பங்கைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

கணவனின் பெற்றோருக்குப் பணிவிடை செய்வதை நம் மத்ஹபுகளின் சட்டநூல்கள் மனைவியின் கடமையாக்கவில்லை. அவள் செய்வது உபகாரம்; கடமை மகனுடையது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரையே பிள்ளைகள் என வரையறுத்தது, மருமகளைச் சேர்க்கவில்லை. சொத்துப் பங்கீட்டின்போது ஆணுக்கு இரு பங்கு என்று மார்க்கம் பேசும் அண்ணன்மார், அந்த இரு பங்கோடு வரும் பொறுப்பைத் தங்கையின் தலையில் வைத்துவிட்டு வருவது என்ன நியாயம்?

இது நம் சமுதாயத்துக்கு மட்டுமே உரிய குறையன்று. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாரைக் கவனிக்கும் ஊதியமில்லாப் பணியில் ஈடுபட்டோர் பெண்களில் 27.6 சதவீதம், ஆண்களில் 14 சதவீதம். அப்படி ஈடுபட்ட பெண் நாளொன்றுக்குச் சராசரி 134 நிமிடமும் ஆண் 76 நிமிடமும் செலவிட்டனர். (குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம்.) ஊரெல்லாம் இப்படித்தான் என்பது நமக்குச் சமாதானம் ஆகிவிடாது.

பாசத்துக்குக் கூலி பேசினால் பாசமே கெட்டுவிடும் என்பார்கள். இமாமுக்கும் முஅத்தினுக்கும் மாதச் சம்பளம் தருகிறோமே, நம் தொழுகை கெட்டுவிட்டதா?

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவப் பணி, மலப்புரம் மாவட்டத்தில் மக்கள் இயக்கமாகவே வளர்ந்தது. அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று, செவிலியரோடு படுக்கை நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றார்கள். 2008இல் கேரள அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. நம் தமிழகத்திலும் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. தம் மஹல்லாவில் அது தேவைப்படும் வீடுகள் எத்தனை என்று கணக்கெடுத்துக் கொடுத்த ஜமாஅத்துகள் எத்தனை?

மினாராவை உயர்த்தப் பணம் சேர்கிறது, கந்தூரிக்குச் சேர்கிறது. பைத்துல்மாலின் ஜகாத் நிதியைத் தொட வேண்டாம், அதற்குரிய எட்டு வகையினர் வேறு. சதகா நிதியிலிருந்து இரண்டு காற்று மெத்தைகளும் ஒரு சக்கர நாற்காலியும் வாங்கிப் பள்ளிவாசலில் வைத்தால் வீடு வீடாகச் சுற்றி வருமே! பயிற்சி பெற்ற பெண் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, வீட்டுக்கு மாதம் இரண்டு நாளாவது அனுப்பினால், அந்த மருமகள் தன் உம்மா வீட்டுக்குப் போய் ஓர் இரவு கண்ணயர்ந்து வருவாள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள், வைத்தியச் செலவுக்கென்று அனுப்புவதோடு நில்லாமல், பேணுகிறவளின் பெயரில் தனியாக ஒரு தொகையும் அனுப்பட்டும். விடுமுறையில் வரும்போது உம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் முறையை அவளிடமே கேட்டுக் கற்று, அந்த ஒரு மாதம் இரவுப் பொழுதைத் தாங்களே ஏற்கட்டும்.